முழங்கை வரை ஈரம்

"உங்க வீட்டுக்காரருக்கு வலது கைப் பழக்கமா, இடது கைப் பழக்கமா?"

ஆபீசரம்மா எப்போதுமே இப்படித்தான் ஆரம்பிப்பார். எதிரே உட்கார்ந்திருந்த பெண் அழ வேண்டி வருமோ என்று கையில் எடுத்து வைத்திருந்த கைக்குட்டையை மடியில் இறக்கிவிட்டு யோசித்தாள்.

"வலது."

"சட்டை நனையறதும் வலது கைதானா?"

"ஆமா. செவ்வாயும் வெள்ளியும். முழங்கைக்கு மேல வரைக்கும் ஈரம். இடது கை காஞ்சு கிடக்கும்."

ஜன்னலோரம் நின்றிருந்த கண்டக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். டிக்கெட் வாங்காதவன் முகத்தைப் பின்படியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். முட்டி தேய்ந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்த ஒரு திறமையை நம்பித்தான் ஆபீசரம்மா அவரைச் சேர்த்துக்கொண்டார். ஆபீசரம்மாவோ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்துபோன கிடங்குகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, முதலாளி வைத்ததா என்று சொல்லிவிடுவார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஜெராக்ஸ் கடை மாடியில் இரண்டு அறை எடுத்துத் துப்பறியும் அலுவலகம் நடத்திவந்தார்கள்.

வந்திருந்தவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கடந்த எட்டு மாதமாக அவர் வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் எங்கோ போய்விட்டு வருகிறார். கேட்டால் 'ஓவர்டைம்' என்கிறார்.

மேசையின் மேல் அவள் பரப்பி வைத்த சாட்சிகள் மூன்று. செய்தித்தாளில் சுற்றிய, துவைக்காத வெளிர்நீலச் சட்டை ஒன்று. சட்டைப் பையிலிருந்து எடுத்த ரப்பர் பேண்டுகள். உள்ளங்கை அளவு அட்டை ஒன்று. அட்டையில் எழுத்தெல்லாம் தண்ணீர் பட்டு அழிந்துபோய், மஞ்சளில் தொடங்கிப் பச்சையாகிக் கரும்பச்சையில் முடியும் கட்டங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

கண்டக்டர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, சூடு பட்டதுபோலக் கீழே வைத்தார். "மேடம், இது வந்து... வீட்ல விசேஷமான்னு கலர் பாத்துத் தெரிஞ்சுக்கிற சமாச்சாரம் மாதிரி இருக்கே."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்றாள் அந்தப் பெண், அவர் சொல்லி முடிப்பதற்குள். "அவருக்கு வேற குடும்பம் இருக்கு. எங்கேன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"எங்கேன்னு மட்டும் போதுமா? யாருன்னு வேணாமா?"

"எங்கேன்னு தெரிஞ்சா போதும்."

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

பதில் வருவதற்குள் ஒரு பஸ் வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். "இல்ல," என்றாள்.

அவள் படியிறங்கிப் போனதும் கண்டக்டர் பெருமூச்சு விட்டார். "ஊர்ல இருக்கற பிழையெல்லாம் திருத்துற அம்மா. வீட்லயே இவ்வளவு பெரிய பிழை. பாவம்."

ஆபீசரம்மா காதில் வாங்கவில்லை. சட்டையின் வலது கையை விரித்தார். முழங்கைக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு."

"வேர்வை மேடம். லிஃப்ட் குழியில இறங்கி வேலை பாக்கற மனுஷன்."

"வேர்வை மேலேர்ந்து கீழ இறங்கும். இது கீழேர்ந்து மேல ஏறி ஒரே மட்டத்துல நிக்குது. கையை எதுக்குள்ளயோ விட்டிருக்கார்."

"கடல்லயா? கடலுக்குப் போகணும்னா இங்கேர்ந்து ஒரு ராத்திரி முழுக்க பஸ்ல குலுங்கணும். செவ்வாய்க்கு ஒரு தடவை, வெள்ளிக்கு ஒரு தடவை போயிட்டு வர முடியுமா?"

"அவர் போகல. கடல் இங்க வந்திருக்கு." ஆபீசரம்மா ரப்பர் பேண்டை விரலில் மாட்டி இழுத்தார். "பிளாஸ்டிக் கவர்ல தண்ணி ஊத்தி, காத்து அடைச்சு, ரப்பர் பேண்ட் போட்டு என்ன குடுப்பாங்க?"

"மீன்." கண்டக்டர் தாடையைச் சொறிந்தார். "வளக்கற மீனா, வறுக்கற மீனா?"

"வறுக்கற மீனுக்கு யாரும் மூச்சுக்குக் காத்து அடைச்சுத் தர மாட்டாங்க, கண்டக்டர். கிளம்புங்க."

---

நகரத்தில் கடல்மீன் விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் சுற்றிலும் கண்ணாடித் தொட்டிகளின் முனகல். ஈரச் சிமெண்ட் வாசம். கடைக்காரர் முட்டி வரை மடித்துவிட்ட கால்சட்டையோடு, ஒரு தொட்டிக்குள் குழாயை விட்டு அடியில் தேங்கிய அழுக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அட்டையைப் பார்த்ததும் சிரித்தார். "நம்ம கடை அட்டைதான். தண்ணியில விஷம் எவ்வளவுன்னு பாக்கறது. ஒரு சின்னக் குழாய்ல தொட்டித் தண்ணி எடுத்து, ரெண்டு சொட்டு மருந்து விட்டா கலர் மாறும். மஞ்சள்னா மீன் பொழைக்கும். பச்சைன்னா திணறும். கரும்பச்சைன்னா..." என்று கையை விரித்தார்.

கண்டக்டருக்குக் காலையில் தான் சொன்ன கண்டுபிடிப்பை நினைத்து உச்சந்தலை வேர்த்தது. நல்லவேளை, ஆபீசரம்மா அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர். செவ்வாய், வெள்ளி வருவாரா?"

"அவரா? அவர் மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததில்ல. பொதுவா இந்தக் கடல் தொட்டி ஆசை வந்தவங்க எல்லாம் அவசரக் குடுக்கைங்க. இன்னைக்குக் கல்லு, நாளைக்கு மீன், நாளான்னைக்கு எங்கிட்ட சண்டை. இவர் அப்படி இல்ல. கல்லையும் மணலையும் உப்புத்தண்ணியையும் போட்டுட்டு, ரெண்டு மாசம் வெறும் கல்லையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார்."

"கல்லைப் பாத்துக்கிட்டா?" என்றார் கண்டக்டர். "அதுக்கு எங்க டிப்போ மேனேஜர் முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கலாமே."

"அந்தக் கல்லுக்குள்ளதான் விஷயமே இருக்கு. கண்ணுக்குத் தெரியாத உயிர் அதுல ஊறி ஊறி வளரணும். அதுதான் மீனோட கழிவு விஷமாகாமப் பாத்துக்கும். ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுக்கு முன்னாடி மீனை விட்டா, தான் விட்ட கழிவுலயே தான் செத்துப்போகும்." கடைக்காரர் குழாயை எடுத்து வாளியில் போட்டார். "அவருக்கு அது நல்லாத் தெரியும். ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டவர்."

ஆபீசரம்மாவின் கண் கூர்மையானது. "ஏற்கெனவேன்னா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி வீட்ல ஒரு தொட்டி வெச்சார். ஒன்பதாம் நாள் வந்து ரெண்டு கோமாளி மீன் கேட்டார். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை போட்டிருக்குமே, அது. இன்னும் ஒரு மாசம் பொறுங்கன்னேன். தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். 'பொறுக்க எனக்கு நேரமில்ல'ன்னார். அப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நேரமில்லாதவன் எதுக்குத் தொட்டி வெக்கணும்னு."

"வீட்லயா வெச்சிருந்தார்? நிச்சயமா?"

"நான்தானே கொண்டுபோய் வெச்சேன். கதவு திறந்ததே அவர் சம்சாரம்தான். இப்ப வெச்சிருக்கறதுதான் வேற இடம். தையல்கடை மாடி."

ஆபீசரம்மா அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து ஓரமாக நின்று போனில் யாரிடமோ பேசினார்.

"யாருக்கு மேடம்?"

"அந்தம்மாவுக்கு. இன்னைக்கு வெள்ளி, அவர் வர்ற நாள். நாலு மணிக்குத் தையல்கடைக்கு வரச் சொன்னேன்."

கண்டக்டர் நடப்பதை நிறுத்தினார். "நாமளே இன்னும் உள்ள போகல. மாடியில யார் இருக்காங்கன்னு தெரியாம பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறது, பெட்ரோல் பங்க்ல பீடி பத்த வெக்கற மாதிரி."

"பீடி ஏற்கெனவே பத்தியிருக்கு," என்றார் ஆபீசரம்மா. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவர் முகத்தில் ஒரு வேட்டைக் களை இருக்கும். இன்று இல்லை. கண்டக்டர் அதைக் கவனித்தார், காரணம் மட்டும் புரியவில்லை.

---

தையல்கடை அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினாள். வாடகைக்கு இருப்பவர் நல்ல மனுஷன், ஏறும்போதும் இறங்கும்போதும் தலையசைப்பார். குடிதண்ணீர் கேன் வாரத்துக்கு இரண்டு மேலே போகும். ஆனால் மேலே யாரும் சமைத்து அவள் பார்த்ததில்லை. காலையில் ஒரு நீல வெளிச்சம் தானாக எரியும், சாயங்காலம் தானாக அணையும்.

"அவரைத் தவிர மேல யாராவது?" என்று கேட்டார் கண்டக்டர்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பொண்ணு இருக்கு. நான் கண்ணால பாத்ததில்ல. ஆனா அவர் வந்தா அதுகூடத்தான் பேசிக்கிட்டு இருப்பார். 'இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா சிட்டு'ன்னு ஆரம்பிச்சா, லிஃப்ட் நடுவுல நின்னது, உள்ள மாட்டிக்கிட்டவங்க கத்தினது, எல்லாம் சொல்வார். தனக்குத்தானே சிரிச்சுப்பார். பதில் குரல் மட்டும் கேட்டதே இல்ல. வாய் பேச வராத பொண்ணு போலிருக்கு."

கண்டக்டர் ஆபீசரம்மாவைப் பார்த்தார். மீனும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. காலையில் சொன்னதை வாபஸ் வாங்கியிருக்கவே வேண்டாம்.

ஆனால் ஆபீசரம்மா அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழை திருத்துகிறவள் வந்துகொண்டிருந்தாள். தெருமுனையில் நிற்காமல், யாரிடமும் வழி கேட்காமல், கடை பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்க்காமல் நேரே வந்தாள்.

"மேல போகலாமா?" என்றார் ஆபீசரம்மா.

"போகலாம்," என்றாள் அவள். அவ்வளவுதான். அழவில்லை, கோபப்படவில்லை. புருஷனின் இரண்டாம் வீட்டுக்குள் நுழையப்போகிற மனைவிகள் இரண்டு பேரைக் கண்டக்டர் இதற்கு முன் பார்த்திருக்கிறார். அவர்களில் ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறினாள். இவளோ மேல்படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

கதவைத் திறந்தவர் ஒல்லியான மனிதர். வலது கையை முழங்கைக்கு மேல் வரை துவாலையால் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் ஆபீசரம்மாவைப் பார்த்தார், பிறகு கண்டக்டரை. பிறகுதான் பின்னால் நின்றவளைப் பார்த்தார். துவாலை அப்படியே நின்றது.

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

அறையில் கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, பெண் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு தண்ணீர் கேன், ஒரு வாளி உப்பு. சுவரோரம் இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. சட்டம் பழைய லிஃப்ட் கம்பியை வெட்டி அவரே பற்றவைத்ததாக இருக்க வேண்டும், மூலைகள் அவ்வளவு நேர்த்தி.

தொட்டிக்குள் நீல வெளிச்சத்தில் ஒரு கடல் இருந்தது. குகை மாதிரி அடுக்கிய கற்கள், அவற்றின் மேல் ஊதாவும் பச்சையுமாகப் பவளம். ஒரு கொத்து மட்டும் கைக்குழந்தையின் விரல்கள் மாதிரி மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. ஒரு நத்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஊர்ந்தது. அவசரமே இல்லாமல் இரண்டு ஆரஞ்சு மீன்கள் குகை வாசலில் ஆடிக்கொண்டிருந்தன.

கண்டக்டர் தன்னையறியாமல் கிட்டே போனார். "இது பூவா, பிராணியா?" என்று கேட்டுக்கொண்டே, மூடித் திறக்கிற அந்த விரல்களை நோக்கித் தண்ணீருக்கு மேலே கையை நீட்டினார்.

"தொடாதீங்க. கையில சோப்பு இருக்கும்."

சொன்னது மெக்கானிக் இல்லை. அவர் மனைவி.

கண்டக்டரின் கை அந்தரத்தில் நின்றது. ஆபீசரம்மா மெதுவாகத் திரும்பினார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லம்மா?" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. "அந்த அட்டை என்னன்னு தெரியும். உப்புக் கோடு என்னன்னு தெரியும். தெரிஞ்சவங்கதான் சட்டையைத் துவைக்காம எடுத்து வெப்பாங்க. தெருவுக்கு வழிகூடத் தெரியும்."

அவள் தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தெருமுனை வரைக்கும் ரெண்டு தடவை இவர் பின்னாடியே வந்தேன். எந்த வீடுன்னு தெரியல. தெரிஞ்சாலும் தனியா ஏற முடிஞ்சிருக்காது."

"உனக்குத் தெரியுமா?" என்றார் மெக்கானிக். குரல் எங்கிருந்தோ வந்தது.

"எட்டு மாசமா உங்க சட்டையைத் துவைக்கிறது யாரு?"

"அப்ப எதுக்கும்மா வேற பொம்பளைன்னு சொன்னீங்க?" கண்டக்டரால் அடக்க முடியவில்லை.

"என் வீட்டுக்காரர் மீன் வளக்கறார், எங்கேன்னு கண்டுபிடிங்கன்னா வந்திருப்பீங்களா? அவர்கிட்டயே கேக்க வேண்டியதுதானேன்னு சொல்லியிருப்பீங்க." சற்று நின்றாள். "அதைத்தான் எங்களால பண்ண முடியல."

ஆபீசரம்மா நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தார். மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்றபடி சொன்னார். சொன்னது மனைவியிடம் இல்லை, ஆபீசரம்மாவிடமும் இல்லை. தொட்டியிடம்.

சிட்டு அவர்களுடைய ஒரே மகள். பதின்மூன்று வயது. ரத்தத்தில் நோய். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே கடல் தொட்டி அமைப்பது எப்படி என்று தேடித் தேடிப் படித்து, ஒரு நோட்டில் படம் போட்டு வைத்திருந்தாள். முதலில் கல், மணல், தண்ணீர். பிறகு காத்திருக்க வேண்டும். பிறகு நத்தை, பிறகு இரண்டு கோமாளி மீன், பிறகு பவளம். ஒவ்வொன்றுக்கும் நடுவே எத்தனை வாரம் என்று சிவப்பு மையில் எழுதிக் கட்டம் கட்டியிருந்தாள். சிகிச்சைக்கு நடுவே வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் அப்பாவும் மகளும் தொட்டியை வைத்தார்கள்.

"டாக்டர் எங்கிட்ட மட்டும் ஒண்ணு சொன்னார்," என்றார் மெக்கானிக். "அதைக் கேட்டதுக்கப்புறம் நோட்டுல போட்டிருந்த வாரத்தை எண்ணிப் பாத்தேன். பத்தல. ஒன்பதாம் நாளே மீனை வாங்கிட்டு வந்து விட்டுட்டேன். அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்பி வந்தப்ப ரெண்டும் செத்துக் கிடந்துச்சு. எம் பொண்ணு கடைசியா வீட்டுக்கு வந்து பாத்தது அதைத்தான். என் அவசரம்தான் கொன்னுச்சு. அதனாலதான் இந்தத் தடவை... அவ எழுதின ஒரு வாரத்தைக்கூட நான் குறைக்கல. இங்க வந்து உக்காந்து எல்லாத்தையும் அவகிட்டயே சொல்லிக்கிட்டு இருப்பேன்."

"நீங்க கொல்லல."

அவள் அதைச் சொன்ன விதத்தில் மெக்கானிக் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"நான்தான். அவ ஆஸ்பத்திரியில இருந்தப்ப, சனிக்கிழமை, துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கண்ணாடி முழுக்க பழுப்பா அழுக்கு. பிள்ளை திரும்பி வந்தா பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சேன். உள்பக்கமும். மறுநாள் அவளைக் கூட்டிட்டு வந்து பாத்தா ரெண்டும் மிதக்குது. சோப்பு ஒரு சொட்டு பட்டாலே போச்சுன்னு அப்புறம்தான் அவ நோட்டுல எழுதி வெச்சிருந்ததைப் பாத்தேன். உங்ககிட்ட சொல்லல. அவகிட்டயும் சொல்லல."

ஊமை கண்ட கனவு என்பார்கள். இங்கே இரண்டு ஊமைகள், ஒரே கூரையின் கீழ், ஆளுக்கொரு கனவு. கண்டக்டர் தன் செருப்பில்லாத கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த நோட்டு இப்ப எங்க?" என்றார் ஆபீசரம்மா.

மெக்கானிக் தொட்டிக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார்.

"தேதி போட்டு எழுதியிருக்காளா?"

"தினமும். தண்ணி கலர் பாத்து எழுதுவா."

ஆபீசரம்மா வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கத்தை அவர் இரண்டு தடவை படித்ததைக் கண்டக்டர் பார்த்தார். பிறகு நோட்டைக் கண்டக்டரிடம் நீட்டினார். "நீங்க படிங்க. சத்தமா."

எரிந்த கிடங்குக்குள் கைக்குட்டைகூட இல்லாமல் நடந்த அம்மாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷம் நிறுத்தம் நிறுத்தமாகக் கத்திய குரல்தான் கண்டக்டருக்கு. அதை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திப் படித்தார்.

"எட்டாம் தேதி. மஞ்சள். கல்லுக்குள்ள ஒரு புழு இருக்கு. எப்பப் பாத்தாலும் தலையை மட்டும் நீட்டி முறைக்குது. அதுக்கு ஹெட்மாஸ்டர்னு பேர் வெச்சிருக்கேன்.

"பன்னெண்டு. அப்பா மீன் வாங்கிட்டு வந்துட்டார். இன்னும் ஒரு மாசம் ஆகணும்னு எனக்குத் தெரியும். சொல்லல. எனக்கும் சீக்கிரம் பாக்கணும்போல இருந்துச்சு.

"பதினஞ்சு. பச்சை.

"பதினேழு. கரும்பச்சை. பெருசு மேல வந்து மூச்சு வாங்குது. நான் வாங்கற மாதிரியே."

கண்டக்டர் நின்றார். யாரும் 'மேலே படிங்க' என்று சொல்லவில்லை. அவராகவே படித்தார்.

"பதினெட்டு. ரெண்டும் போயிடுச்சு. கல்லுக்குப் பின்னாடி மறைச்சுட்டேன். அப்பா பாத்தா அழுவார். அம்மா பாத்தா அழ மாட்டா. அது அதைவிடக் கஷ்டம். நாளைக்கு ஆஸ்பத்திரி. வந்து சொல்லிக்கலாம்."

அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

"நீங்க தொட்டியைத் துடைச்ச சனிக்கிழமை என்ன தேதிம்மா?" என்றார் ஆபீசரம்மா.

அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "இருபத்தொண்ணு."

"மூணு நாள் முன்னாடியே முடிஞ்சுபோச்சு. நீங்க கை வெச்சப்ப அதுல கொல்றதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. தேய்ச்சப்ப கல்லு அசைஞ்சிருக்கும், அவ மறைச்சு வெச்சது மேல வந்திருக்கும்."

கண்டக்டர் அவள் முகத்தையே பார்த்தார். பாரம் இறங்கிய முகத்தை அவர் பார்த்திருக்கிறார். தொலைத்த பெட்டி கிடைத்ததும் சீட்டில் சரிந்து உட்காரும் பயணிகளின் முகம். அந்த மாதிரி எதுவும் இங்கே நடக்கவில்லை. அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பக்கம் ரெண்டு வருஷமா உங்ககிட்ட இருந்துச்சா?"

"நீ அவ கட்டிலை, பையை, துணியை எல்லாம் ஒரே வாரத்துல மூட்டை கட்டி அனுப்பிட்ட. இதையும் அனுப்பிடுவியோன்னு எடுத்து ஒளிச்சேன். மறக்கணும்னு நெனைக்கிறவகிட்ட எதுக்கு இதைக் காட்டணும்னு..."

"கட்டிலைப் பாத்தா அவ படுத்திருக்கற மாதிரியே இருந்துச்சு. அதான் அனுப்பினேன். மறக்கவா?" அவள் குரல் உயரவே இல்லை. "வேற பொம்பளையா இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன். நிஜமா. ஒரு நாள் கத்திட்டு, ஒரு வாரம் பேசாம இருந்துட்டு, மன்னிச்சிருப்பேன். எம் பொண்ணை நீங்க தனியா வெச்சுக்கிட்டீங்க. எட்டு மாசமா இங்க வந்து அவகூடப் பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க. வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஓவர்டைம்னு சொன்னீங்க."

மெக்கானிக் துவாலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் கையை நீட்டி, கண்டக்டரிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டாள். அச்சுத்தாளைப் பார்க்கிற பழக்கம், ஆள்காட்டி விரல் வரிக்குக் கீழே தானாக நகர்ந்தது. பதினெட்டாம் தேதியில் ஓரிடத்தில் நின்றது.

"மறைச்சுட்டேனுக்குச் சின்ன ர போட்டிருக்கா," என்றாள். "எத்தனை தடவை சொல்லிக் குடுத்தேன். அந்த ஒரு எழுத்து மட்டும் வரவே வராது அவளுக்கு."

விரல் அந்த எழுத்தின் மேலேயே இருந்தது.

"நீங்க கீழ போங்க," என்றாள் கணவரிடம். "எல்லாரும் போங்க. இன்னைக்கு நான் இருக்கேன்."

"ஆறு மணிக்கு அதுங்களுக்குத் தீனி..."

"அவ எழுதி வெச்சிருப்பா. நான் படிச்சுக்கறேன். போங்க."

கதவு சாத்திக்கொண்டது. மூன்று பேரும் வரிசையாகப் படியிறங்கினார்கள். பாதிப் படியில் மெக்கானிக் நின்றுவிட்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்தார்.

கண்டக்டருக்கு எந்தச் சாவு வீட்டிலும் சொல்ல ஒரு வேடிக்கை இருக்கும். அழுதுகொண்டிருப்பவர்கள்கூட முந்தானைக்குள் சிரித்துவிடுவார்கள். இப்போது தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. தேய்ந்த முட்டியை மடக்கி, முனகிக்கொண்டே மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேலே முதலில் சத்தமே இல்லை. பிறகு பேச்சுக் குரல், தணிந்து, அவசரமாக. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. திட்டுகிற மாதிரியும் இருந்தது, கொஞ்சுகிற மாதிரியும் இருந்தது. பிறகு அந்தக் குரல் நடுவில் முறிந்தது. பெரிய அழுகை. பிள்ளை பெறுகிறவளின் வாயிலிருந்து வருகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து வந்தது. கீழே தையல் மெஷின் சட்டென்று நின்றுவிட்டது.

மெக்கானிக் எழுந்துவிட்டார். "அவ அழுது நான் பாத்ததே இல்ல. சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்னைக்குக்கூட அழல. நான் போகணும்."

ஆபீசரம்மா அவர் ஈரக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க," என்றார். "கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் இருங்க."

அவர் மறுபடி உட்கார்ந்தார். ஆபீசரம்மாவும் ஒரு படி கீழே உட்கார்ந்தார். தெருவில் பஸ் ஒன்று வந்து நின்று, ஆளில்லாமல் கிளம்பிப் போனது. கண்டக்டர் வழக்கம்போல அதன் நம்பரைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் மேலே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.